ஒரு கிணறு, 52 கிழமை, ஒரு சுவர்: தகவற்படம் செய்ய முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் சுவர்ப்படங்களுக்குக் குறைவில்லை. டெங்கு, நீர்ச் சிக்கனம், மரநடுகை என்று பாடசாலை முகப்பிலும் சனசமூக நிலையத்திலும் ஏதாவது ஒன்று தொங்கும். ஒரு பூமிப்பந்து, அதைத் தாங்கும் இரண்டு கைகள், நடுவில் ஒரு நீர்த்துளி, கீழே நாலு வசனம். பார்த்துவிட்டுப் போகிறவருக்கு முன்பு தெரியாத எதுவும் புதிதாகத் தெரியவருவதில்லை. அது அலங்காரம். தகவற்படம் என்பது எண்ணை நீளமாகவோ இடமாகவோ பரப்பாகவோ நிறமாகவோ மாற்றி, அளவிடையோடு வரைவது. படத்தின் மேல் அடிமட்டத்தை வைத்தால் அந்த எண்ணைத் திரும்ப எடுக்க முடியவேண்டும். இந்த ஒரு சோதனையை மனதில் வைத்திருந்தால் பாதித் தவறுகள் நடக்காது.

கீழே ஒரே ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்க்கிறோம்: ஒரு வளவுக் கிணற்றின் ஓராண்டு நீர்மட்டமும் அதே ஆண்டின் மழையும். குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். குடிக்கிற தண்ணீரும் தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீரும் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கிய மழைதான். அந்த மழையின் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர்வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. இதை எல்லோரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். தன் ஊர்க் கிணற்றில் அது எப்படி நடக்கிறது என்று கண்ணால் கண்டவர்கள் குறைவு.

கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

"தண்ணீர்" என்பது தலைப்பு. "மாரி மழை தொடங்கி எத்தனை கிழமையில் எங்கள் கிணறு ஏறத் தொடங்குகிறது? எந்தக் கிழமையில் ஆகக் கீழே போகிறது?" என்பது கேள்வி. இதை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதில் சொல்ல உதவாத எதுவும் படத்துக்குள் வரக்கூடாது. கிணற்றில் மீன் விட்டிருப்பது சுவையான செய்திதான், ஆனால் அதற்கு இங்கே இடமில்லை.

எவ்வளவு இடைவெளியில் அளப்பது என்பதையும் கேள்விதான் தீர்மானிக்கும். "எத்தனை கிழமையில்" என்று கேட்டுவிட்டு மாதத்துக்கு ஒருதரம் அளந்தால் பதில் படத்தில் தெரியாது. நாளுக்கு ஒருதரம் அளந்தால் 60 செ.மீ. அகலத்தில் 365 சலாகைகளை நெருக்கவேண்டும். ஒன்றுக்குக் கிடைப்பது 1.6 மி.மீ., ஏறக்குறைய ஒரு மாக்கர் நுனி. கிழமைக் கணக்கென்றால் 52, ஒன்றுக்கு 1.15 செ.மீ. கிடைக்கும். கையால் வரைய அது வசதியான அளவு.

கிணற்றை அளப்பது

கிணற்றுக்கட்டின் மேல்விளிம்பில் ஓரிடத்தில் பெயின்ற்றால் ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கவேண்டும். பழைய கட்டுகள் ஒருபக்கம் தாழ்ந்திருக்கும். இடம் மாறி அளந்தால் சில சென்றிமீற்றர் வித்தியாசம் வந்து, கிணறு ஏறியதா இறங்கியதா என்ற கணக்கையே குழப்பிவிடும். நீட்சியில்லாத நூலில் ஒரு சிறு எடையைக் கட்டி, அது நீரைத் தொடும் சத்தம் கேட்கும்வரை இறக்கி, கோட்டின் நேரே நூலைப் பிடித்து, வெளியே எடுத்து அளவு நாடாவில் வைத்துப் பாருங்கள். நைலோன் கயிறு இழுபடும், சணல் கயிறு நனைந்தால் நீளம் மாறும், இரண்டையும் தவிர்க்கவும்.

தரைமட்டத்திலிருந்துள்ள ஆழம் தேவை என்பதால் கட்டின் உயரத்தைக் கழிக்கவேண்டும். நூல் 5.20 மீற்றர், கட்டு 0.75 மீற்றர் என்றால் தரையிலிருந்து நீர் 4.45 மீற்றர் ஆழத்தில் நிற்கிறது.

நேரம் முக்கியம். காலையில் மோட்டர் போடுமுன் அளக்கவும். இறைத்தவுடன் மட்டம் கீழே போய், பிறகு மெல்ல ஊறி ஏறும். ஒரு கிழமை இறைக்குமுன்னும் மறுகிழமை இறைத்தபின்னும் அளந்தால் படத்தில் தெரிவது மோட்டரின் வேலையே ஒழிய மழையின் வேலை அல்ல. பக்கத்துத் தோட்டத்தில் நீர் இறைத்தாலும் இது நடக்கலாம். கடலோரச் சுண்ணாம்புக்கற் பகுதிகளில் கடலின் வற்றுப்பெருக்கும் மட்டத்தைச் சற்று அசைக்கும். அங்கே ஒருநாள் முழுதும் மணிக்கு ஒருதரம் அளந்து, ஆட்டம் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. 10 செ.மீ. ஆடுகிற கிணற்றில் 5 செ.மீ. மாற்றத்தைப் பெரிதாகக் காட்டக்கூடாது.

மழையை அளப்பது

நேரான பக்கங்களுள்ள, தட்டையான அடியுள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான். உள்ளே 12 மி.மீ. நீர் நின்றால் 12 மி.மீ. மழை. சிறு தூறலை அளப்பது கடினம் என்பதால் மேலே ஒரு புனல் வைக்கலாம்; அப்போது விட்டங்களின் விகிதத்தை வர்க்கிக்கவேண்டும். புனல் வாய் 15 செ.மீ., பாத்திரம் 7.5 செ.மீ. என்றால் விகிதம் 2, வர்க்கம் 4. பாத்திரத்தில் 4 மி.மீ. நின்றால் பெய்தது 1 மி.மீ. வர்க்கிக்க மறந்து வெறுமனே 2 ஆல் வகுத்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. ஆண்டு மழை முழுவதும் இரட்டிப்பாகிவிடும்.

மானியைத் திறந்த வெளியில் வைக்கவும். 4 மீற்றர் உயரமான வேலிமரம் இருந்தால் அதிலிருந்து 8 மீற்றராவது தள்ளி வைக்கவேண்டும். மண் தெறிக்காதபடி தரையிலிருந்து 30 செ.மீ. உயர்த்தவும். இலங்கையில் வளிமண்டலவியல் திணைக்களம் நாள் மழையைக் காலை 8.30க்கு வாசிக்கிறது, நீங்களும் அதே நேரத்தில் வாசித்தால் திருநெல்வேலி நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட வசதி. மழையை நாளும் அளந்து, ஏழுநாள் கூட்டுத்தொகையைக் கிழமை மழையாக எடுங்கள்.

கொப்பியில் ஐந்து நிரல் போதும்: திகதி, நேரம், கட்டிலிருந்து ஆழம், மழை, குறிப்பு. கிணறு இறைத்துத் துப்புரவு செய்த நாள், பாத்திரம் கவிழ்ந்த நாள் எல்லாம் குறிப்பில் வரவேண்டும். மழை இல்லையென்றால் 0 எழுதவும். அளக்கவில்லையென்றால் ஒரு சிறு கோடு போடவும். வெறுமையையும் சுழியத்தையும் ஒன்றாக்கிவிட்டால் பிறகு பிரித்தெடுக்க வழியே இல்லை.

மற்றவர் அளந்த எண்களை எடுக்கும்போது

மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கைந்நூல், தொகைமதிப்புத் திணைக்களத்தின் அட்டவணைகள் ஆகியவற்றிலிருந்து எண் எடுப்பவர்கள் வடக்குக்கே உரிய இரண்டு பொறிகளை அறிந்திருக்கவேண்டும். 1981க்குப் பிறகு இங்கே முழுமையான குடித்தொகை மதிப்பு 2012இல்தான் நடந்தது. 1991இல் நாட்டில் மதிப்பே நடக்கவில்லை. 2001 மதிப்பு வடகிழக்கை முழுமையாக உள்ளடக்கவில்லை. 1981 புள்ளியையும் 2012 புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், இடையில் எல்லாம் சீராக நடந்ததுபோல அந்தக் கோடு சொல்லும். 31 ஆண்டு இடப்பெயர்வும் இழப்பும் அந்தக் கோட்டுக்குள் காணாமற்போகும். இரண்டு புள்ளிகளையும் தனித்தனியே வைத்து, நடுவே வெற்றிடம் விட்டு, "இக்காலத்துக்கு முழுமையான மதிப்பு இல்லை" என்று எழுதுங்கள்.

அடுத்தது எல்லை. 1981இன் "யாழ்ப்பாண மாவட்டம்" கிளிநொச்சியையும் சேர்த்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். பெயர் ஒன்றாக இருப்பதால் நிலமும் ஒன்று என்று எண்ணி ஒப்பிட்டால், நடந்திராத ஒரு வீழ்ச்சியும் சேர்ந்து படத்தில் வந்துவிடும்.

அலகுகளையும் பார்க்கவேண்டும். கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கைகளில் நைத்திரேற்று இரண்டு விதமாக எழுதப்படும்: நைத்திரேற்றாகவும், அதிலுள்ள நைதரசனாகவும். நைதரசனாக லீற்றருக்கு 10 மி.கி. என்பது நைத்திரேற்றாக ஏறக்குறைய 44 மி.கி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு எல்லை நைத்திரேற்றாக 50 மி.கி. ஒரு அறிக்கையின் 12ஐயும் இன்னொன்றின் 48ஐயும் ஒரே அச்சில் வைத்தால் முதற் கிணறு நல்லது, இரண்டாவது மோசம் என்று தோன்றும். முதலாவது நைதரசனாக எழுதப்பட்டிருந்தால் அதன் உண்மை அளவு 53. எல்லையைத் தாண்டியது அதுதான். குடிக்கும் தண்ணீர் பற்றிய படத்தில் இந்தப் பிழை பச்சைக் குழந்தையைப் பாதிக்கும்.

எந்த வடிவம்?

சலாகை வரைபையும் கோட்டு வரைபையும் புள்ளிவிபரத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்கொட்லாந்தின் வில்லியம் பிளேஃபெயார், 1786இல். 1801இல் வட்ட வரைபையும் அவரே கொண்டுவந்தார். கண் எந்த வடிவத்தைச் சரியாக வாசிக்கிறது என்று 1984இல் கிளீவ்லண்டும் மக்கில்லும் பரிசோதித்தார்கள். பொதுவான ஓர் அச்சில் புள்ளியின் இடத்தை ஒப்பிடுவதில் பிழை மிகக் குறைவு, அடுத்து நீளம், பிறகு கோணம், அதன் பின் பரப்பு, நிறச் செறிவு கடைசிப் பக்கம். இந்த வரிசை மனப்பாடமாக இருக்கவேண்டும். துல்லியமாக ஒப்பிட வேண்டிய எண்ணை இடத்துக்கோ நீளத்துக்கோ கொடுங்கள். பருமட்டாகத் தெரிந்தால் போதும் என்பதை நிறத்துக்குக் கொடுங்கள்.

வட்ட வரைபு ஒரு முழுமையின் இரண்டு மூன்று பங்குகளைக் காட்டப் போதும் (1 வீதத்துக்கு 3.6 பாகை). ஆறு துண்டாகும்போது எது பெரிது என்று சொல்லவே முடியாது, சலாகைக்கு மாறுங்கள்.

சலாகை எப்போதும் சுழியத்திலிருந்து தொடங்கவேண்டும். ஒரு பாடசாலையில் சித்தி வீதம் 72, மற்றதில் 76 என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சை 70இல் தொடங்கினால் ஒன்று 2 அலகு உயரம், மற்றது 6 அலகு. நாலு புள்ளி வித்தியாசம் மூன்று மடங்காகத் தெரியும். கோட்டு வரைபுக்கு இந்தக் கட்டாயம் இல்லை, ஏனென்றால் அங்கே கண் பார்ப்பது ஏற்ற இறக்கத்தை, உயரத்தை அல்ல.

நமது படத்துக்கு மழை சலாகையாக வரும்: ஒவ்வொரு கிழமையும் தனித்தனிக் கூட்டுத்தொகை. நீர்மட்டம் கோடாக வரும்: அது தொடர்ந்து மாறும் ஒன்று. தரையை நடுவில் ஒரு கோடாகப் போட்டு, மழையை மேலேயும் கிணற்றைக் கீழேயும் வரைகிறோம். ஆழம் உண்மையாகவே கீழ்நோக்கிப் போவதால் கீழே இறங்கும் அச்சை எவரும் தவறாக வாசிக்கமாட்டார்கள். மழையை வானத்திலிருந்து தொங்கவிட ஆசை வரும், செய்யவேண்டாம். தலைகீழ்ச் சலாகையில் கூடியது குறைந்ததுபோல் தெரியும். மழை தரையிலிருந்து மேலே எழட்டும்.

ஆண்டை ஜனவரியில் தொடங்கினால் மாரி இரண்டாக வெட்டுப்பட்டு, பாதி இடது ஓரத்திலும் பாதி வலது ஓரத்திலும் போய்விடும். ஒக்ரோபரில் தொடங்கி செப்ரெம்பரில் முடியுங்கள். இலங்கையில் நீரியல் ஆண்டும் ஒக்ரோபரில்தான் தொடங்குகிறது. தமிழ் மாதப் பெயர் போட விரும்பினால் கவனம்: ஐப்பசி ஒக்ரோபர் நடுவில் தொடங்கி நவம்பர் நடுவில் முடிகிறது. ஒக்ரோபர் மழையை ஐப்பசி என்ற பெயரின் கீழ் வைத்தால் அரை மாதம் பிழைக்கும். கிழமைக் கணக்கு இருப்பதால் தமிழ் மாதத்தை அதன் சரியான கிழமையில் தனி வரியாகக் குறிக்கலாம்.

தாளில் இறக்குதல்

தேவையானவை: ஒரு வெள்ளை பிறிஸ்டல் போட், 60 செ.மீ. அடிமட்டம் அல்லது நேரான பலகைச் சட்டம், மூலைமட்டம், கூரான பென்சில், நீலத்தில் இரண்டு செறிவும் கறுப்பும் செம்மஞ்சளும் கொண்ட பிளாட்டிக்னம் பேனைகள். போட்டின் அளவு கடைக்குக் கடை சற்று மாறும். 70 × 55 செ.மீ. இருந்தால் கீழேயுள்ள கணக்குப் பொருந்தும்.

அகலத்தில் இடப்பக்கம் 6 செ.மீ. எண்களுக்கு, 60 செ.மீ. படத்துக்கு, வலப்பக்கம் 4 செ.மீ. வெறுமை. உயரத்தில் தலைப்புக்கு 8, மழைக்கு 20, கிணற்றுக்கு 16, கீழே மாதப் பெயருக்கும் மூலத்துக்கும் 6. மொத்தம் 50. மிச்சம் 5 செ.மீ. ஓரம்.

அளவிடையை 52 கிழமையும் முடிந்தபின்தான் தீர்மானிக்கவேண்டும். ஆகப் பெரிய எண்ணை இருக்கும் உயரத்தால் வகுத்து, வரும் விடையை 1, 2, 5, 10 போன்ற வசதியான எண்ணுக்கு மேல்நோக்கி மட்டந்தட்டவும். ஆகக்கூடிய கிழமை மழை 180 மி.மீ., உயரம் 20 செ.மீ. என்றால் 180 ÷ 20 = 9; எனவே 1 செ.மீ.க்கு 10 மி.மீ. 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்ததைப் போன்ற ஒரு கிழமை நடுவில் வந்தால், முன்கூட்டியே போட்ட அளவிடை தலைப்புக்குள் ஏறிவிடும். அப்போது சலாகையை நடுவில் வெட்டி நெளிவுக் குறி போடுவது வழக்கம்; அது அந்த ஆண்டின் மிக முக்கியமான செய்தியையே ஒளிக்கும். அளவிடையை மாற்றி முழுதாக வரையுங்கள். மற்றச் சலாகைகள் குட்டையாகட்டும். அந்த ஆண்டு அப்படித்தான் இருந்தது.

கிணறு 8 மீற்றர் ஆழம் என்றால் 16 செ.மீ.க்குள் 1 செ.மீ. = 50 செ.மீ. என்று சரியாக அமையும். மேலும் கீழும் அளவிடை வேறு என்பதை இரு அச்சின் பக்கத்திலும் எழுதுங்கள். "100 மி.மீ. மழைக்குக் கிணறு ஒரு மீற்றர் ஏறுமா?" என்று யாராவது கேட்பார்கள். ஏறலாம். நீர் நிறைவது கல்லிலுள்ள துளைகளையும் வெடிப்புகளையும் மட்டுமே. அவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், உள்ளே இறங்கிய 100 மி.மீ. நீர் மட்டத்தை 1 மீற்றர் உயர்த்தும்.

வரையும் ஒழுங்கு இது: முதலில் தரைக்கோடு, பிறகு 52 கிழமைக் குறிகள், பிறகு பென்சிலில் புள்ளிகள் எல்லாம். புள்ளிகளை இன்னொருவர் கொப்பியைப் பார்த்து வாசித்துச் சரிபார்த்த பின்புதான் மை. சலாகை 0.9 செ.மீ. அகலம், இடைவெளி 0.25 செ.மீ. நீர்மட்டப் புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்கவும். கையால் வளைத்து அழகாக்கினால் அளக்காத மட்டங்களை உருவாக்குகிறீர்கள். கோட்டுக்கும் கிணற்றின் அடிக்கும் இடையில் இளநீலம் தீட்டுங்கள். அளக்காத கிழமையில் கோட்டை நிறுத்தி, வெள்ளையாக விட்டு, அடுத்த புள்ளியில் தொடங்குங்கள். நிறம் தீட்டும்போது மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் போனால் கை பட்டு மை இழுபடாது.

கட்டத்துக் கோடுகள் மெல்லிய சாம்பலில் நாலைந்து மட்டும். முழுக் கட்டமும் போட்டால் கண்ணுக்குக் கோடுதான் தெரியும், தண்ணீர் தெரியாது.

தலைப்பு, எழுத்து, நிறம்

"கிணற்று நீர்மட்டமும் மழைவீழ்ச்சியும்" என்று எழுதினால் வாசிப்பவர் பதிலைத் தானே தேடவேண்டும். படம் சொல்வதையே தலைப்பாக எழுதுங்கள்: "மழை தொடங்கி மூன்று கிழமைக்குப் பிறகே எங்கள் கிணறு ஏறியது" என்பதுபோல, உங்கள் அளவு எதைச் சொல்கிறதோ அதை. அந்த மூன்று கிழமையையும் படத்தில் ஒரு சிறு அடைப்புக் கோட்டால் காட்டுங்கள்.

எழுத்தின் உயரம் பார்க்கும் தூரத்தின் இருநூறில் ஒரு பங்காவது இருக்கவேண்டும். 3 மீற்றரில் நிற்பவருக்குத் தலைப்பு 15 மி.மீ., 1 மீற்றரில் நிற்பவருக்கு அச்சு எண் 5 மி.மீ. தமிழில் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள்; புள்ளியும் கொம்பும் சுழியும் சிறுத்தால் "ன" "ண" "ள" எல்லாம் கலங்கும். வரிக்கு மேலும் கீழும் இடம் விடுங்கள். இல்லையேல் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரமும் முட்டும். ஒரு சொல்லின் எழுத்துகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிமிர்த்தி எழுதவேண்டாம்: கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து போகும்.

தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, ஊர்காவற்றுறை என்பவற்றை நிமிர்ந்த சலாகையின் அடியில் எழுத முயன்றால் சரித்து எழுதவேண்டிவரும், வாசிப்பவர் கழுத்தைச் சரிக்கவேண்டிவரும். இடங்களை ஒப்பிடும் படங்களில் சலாகையைப் படுக்கவைத்து, பெயரை இடப்பக்கம் நேராக எழுதுங்கள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் பாதி வேலை முடிந்தது.

நிறத்துக்கு ஒரு விதி: ஒரே பொருளுக்கு ஒரே நிறக்குடும்பம். மழையும் கிணறும் தண்ணீர்தான். மழை கடுநீலம், கிணறு இளநீலம். செம்மஞ்சளை ஒரே ஒரு இடத்துக்கு, ஆகக் கீழே போன கிழமைக்கு, வைத்திருங்கள். நல்லதுக்குப் பச்சை, கெட்டதுக்குச் சிவப்பு என்ற இணையைத் தவிர்க்கவும். நிறப்பார்வைக் குறைபாட்டில் பொதுவானது இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாததுதான், அது ஆண்களிடம் அதிகம். நீலமும் செம்மஞ்சளும் ஏறக்குறைய எல்லோருக்கும் பிரிந்து தெரியும். தேர்தல் காலத்தில் பச்சையும் நீலமும் கட்சி நிறங்களாக வாசிக்கப்படும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

எண்ணிக்கையைப் படமாக அடுக்குதல்

"100 மி.மீ. மழை" என்பது பலருக்கு வெறும் எண். 1 சதுர மீற்றரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லீற்றர். ஒரு பரப்புக் காணி 10 பேர்ச்சஸ், ஏறக்குறைய 253 சதுர மீற்றர். அப்படியானால் 100 மி.மீ. மழையில் ஒரு பரப்பில் விழுவது 25,300 லீற்றர்: வீட்டுக்கூரையில் இருக்கும் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி 25. அந்த 25 தாங்கியையும் ஒரே அளவில், ஐந்து வரிசையில் ஐந்து ஐந்தாக வரைந்து காட்டுங்கள். பள்ளிப் பிள்ளையும் எண்ணிப் பார்க்கும்.

1920களில் வியன்னாவில் ஒட்டோ நொய்ராத் வகுத்த விதி இதுதான்: கூடிய தொகைக்குக் கூடிய எண்ணிக்கையான உருவம், உருவத்தைப் பெரிதாக்கக்கூடாது. ஏனென்றால் இருமடங்குக்கு ஒரு குடத்தை இருமடங்கு உயரமாக வரைந்தால் அகலமும் இருமடங்காகி, தாளில் நாலு மடங்கு இடம் பிடிக்கும். குடம் கொள்ளும் நீராகக் கற்பனை செய்தால் எட்டு மடங்கு. வட்டத்தால் காட்டியே ஆகவேண்டுமென்றால் ஆரையை வர்க்கமூலத்தால் பெருக்கவும்: இருமடங்குக்கு 1.41, மூன்று மடங்குக்கு 1.73.

பன்னிரு மாதத்தையும் ஒரு வட்டத்தில் விசிறிபோல அடுக்கும் வடிவத்தை 1858இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் படைவீரர் மரணங்களைக் காட்டப் பயன்படுத்தினார். காலபோகம் விதைப்பு, வெங்காய நடுகை போன்ற சுற்றிவரும் பயிர்க்காலங்களுக்கு அது வடிவாகப் பொருந்தும். அங்கும் ஆரை அல்ல, பரப்புத்தான் எண்.

ஓலையிலும் குழாயிலும்

தாளுக்கு வெளியேயும் செய்யலாம். மேசன்மார் மட்டம் பார்க்கப் பாவிக்கும் கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் குழாயில் 45 செ.மீ. துண்டுகள் 12 வெட்டி, அடியை மடித்து இறுகக் கட்டி, பலகையில் நிமிர்த்தி ஆணி வளையத்தால் பிடித்து, நிறநீர் ஊற்றுங்கள். 1 செ.மீ.க்கு 10 மி.மீ.; ஒரு மாதத்தில் 380 மி.மீ. பெய்திருந்தால் 38 செ.மீ. மேலே சில துளி தேங்காயெண்ணெய் விட்டால் நீர் ஆவியாவது மிகவும் குறையும். சோடாப் போத்தல் வேண்டாம். தோள்ப்பகுதி ஒடுங்குவதால் உயரமும் அளவும் ஒத்துப்போகாது.

2018இல் எட் ஹோக்கின்ஸ் என்ற காலநிலை அறிஞர் ஆண்டுக்கு ஒரு நிறக்கோடு என்று வெப்பநிலையைக் காட்டிய முறை உலகெங்கும் பரவியது. அதைப் பனையோலையில் செய்யலாம். சார்வோலையை ஈர்க்கு நீக்கி 1 செ.மீ. அகலத்தில் வார்ந்து, கிழமை மழையை ஐந்து படியாகப் பிரித்து, படிக்கொரு செறிவில் கொதிநீர்ச் சாயத்தில் தோய்த்து, 52 வாரையும் ஒழுங்காக வைத்து நேர்ப் பின்னலாகப் பின்னுங்கள். குறுக்கே போகும் ஓலை சாயமில்லாமல் இருந்தால் ஒவ்வொரு நிறத்திலும் பாதிதான் மேலே தெரியும். ஆகவே எல்லாப் படியையும் நினைத்ததைவிடக் கடுமையாகத் தோயுங்கள். ஐந்துக்கு மேல் படி வைத்தால் பக்கத்துப் படிகளைப் பிரித்தறிய முடியாது. எந்த நிறம் எவ்வளவு மழை என்று காட்டும் விளக்கக்குறியையும் அதே ஓலைத்துண்டுகளால் செய்யவும். தாளில் தீட்டிய நீலமும் ஓலையில் ஏறிய நீலமும் ஒன்றாக இராது.

ஊர்களைக் காட்டும் வரைபடம்

மாவட்ட வரைபடத்தில் பிரதேசங்களுக்கு நிறம் தீட்டும்போது நிலப்பரப்பு கண்ணை ஏமாற்றும். நெடுந்தீவு பெரிய நிலம், சிறிய சனத்தொகை. யாழ்ப்பாணப் பிரதேசம் சிறிய நிலம், நெருக்கமான சனம். நிலத்துக்கு நிறம் கொடுத்தால் நெடுந்தீவுதான் முதலில் தெரியும். பதினைந்து பிரதேச செயலகப் பிரிவுகளையும் ஒரே அளவான பதினைந்து சதுரங்களாக்கி, ஏறக்குறைய அவற்றின் திசையில் அடுக்கலாம். இடது ஓரத்தில் காரைநகர், ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு. நடுவில் சங்கானை, சண்டிலிப்பாய், தெல்லிப்பழை, உடுவில், கோப்பாய், நல்லூர், யாழ்ப்பாணம். வலப்பக்கம் பருத்தித்துறை, கரவெட்டி, சாவகச்சேரி, மருதங்கேணி. கடலும் கடனீரேரியும் உள்ள இடத்தில் இடைவெளி விட்டால் ஊரார் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

நோயாளர் வீடு, மாசான கிணறு போன்றவற்றை வீடுவீடாகப் புள்ளி வைக்கவேண்டாம். 1854இல் லண்டனில் ஜோன் ஸ்னோ கொலரா மரணங்களை வீட்டு வாரியாகக் குறித்து, ஒரு நீர்ப்பம்பைச் சுற்றி அவை குவிந்திருப்பதைக் காட்டினார். அது விசாரணைக்கு உரிய படம். சனசமூக நிலையச் சுவரில் அப்படி ஒரு புள்ளி ஒரு குடும்பத்தை அடையாளம் காட்டிவிடும். கிராம அலுவலர் பிரிவாகக் கூட்டிக் காட்டுங்கள்.

கணினியில் செய்வதானால்

லிப்ரெஓபிஸ் கல்க் அல்லது கூகுள் சீட்ஸில் வரைபை எடுத்து, இங்க்ஸ்கேப் என்ற வரைதல் மென்பொருளில் எழுத்தும் விளக்கமும் சேர்ப்பது செலவில்லாத, நம்பகமான வழி. எல்லா எழுத்தும் யூனிக்கோட்டில் இருக்கட்டும். இங்குள்ள அச்சகங்கள் பலவற்றில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருதான். பாமினியில் தட்டியது வேறு கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். மாற்றியில் போட்டு யூனிக்கோட் ஆக்கினபின் எண்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருதரம் கண்ணால் பார்க்கவும்.

சில மென்பொருள்களில் "கொ" உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வடிவமைப்பு மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கினால் பெரும்பாலும் சரியாகும். பைதன் நிரல்மொழியின் மட்புளொட்லிப் என்ற வரைபுக் கருவியில் இதே சிக்கல் வந்தால், எழுத்தை எழுத்தாகவே வைத்து எஸ்விஜி கோப்பாகச் சேமித்து இங்க்ஸ்கேப்பில் திறக்கவும்.

எண்ணில் காற்புள்ளி போடும் முறையை ஒன்றாக வைத்திருங்கள். இலட்சம் என்று கதைத்தாலும் இலங்கை ஆவணங்கள் 100,000 என்றே எழுதுகின்றன. இந்தியாவில் செய்த மாதிரியை எடுத்தால் 1,00,000 என்று வந்துவிடும்.

பத்து விநாடி

முடிந்த படத்தை, அதைச் செய்வதில் சேராத ஐந்து பேருக்குக் காட்டுங்கள். பத்து விநாடி காட்டிவிட்டு மறைத்து, "இதில என்ன விளங்குது?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லவேண்டாம். "மழைக்குப் பிறகு கொஞ்சம் பிந்தித்தான் கிணறு ஏறுது" என்று சொன்னால் படம் வேலை செய்கிறது. "வடிவா இருக்கு" என்று சொன்னால் இன்னும் வேலை இருக்கிறது. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் பிழை படத்தில்தான். அந்த இடத்தைத் திருத்துங்கள். மூக்குக்கண்ணாடி போடும் ஒரு பெரியவரும் பத்து வயதுப் பிள்ளை ஒன்றும் அந்த ஐவரில் இருக்கட்டும்.

அச்சும் சுவரும்

ஏ1 தாள் 59.4 × 84.1 செ.மீ. அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற கணக்கில் படம் 3508 × 4967 புள்ளி இருக்கவேண்டும். பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் இந்தக் கவலை குறையும். ஆனால் எழுத்துருவை உள்ளே பதித்தோ எழுத்தை உருவக்கோடாக மாற்றியோ கொடுக்கவும், இல்லையேல் அச்சகக் கணினி தன்னிடமுள்ள வேறெழுத்தைப் போட்டுவிடும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கப்பட்டு மங்கும், கோப்பாக அனுப்புங்கள். வெட்டுக்கு நாலு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விடவும். திரையில் பளிச்சென்ற நீலம் அச்சில் ஊதாப்பக்கம் சாயும். ஒரு ஏ4 துண்டு அடித்துப் பார்த்த பிறகே முழுதும் அடிப்பியுங்கள்.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீற்றரில் வரட்டும்; ஆரம்பப் பாடசாலையில் அரை மீற்றர் குறைக்கலாம். லமினேற் செய்ததை யன்னலுக்கு நேரெதிரே மாட்டினால் வெளிச்சம் பட்டு ஒன்றும் தெரியாது. நேர் வெயில் பிளாட்டிக்னம் மையை விரைவில் வெளுக்கவைக்கும். கீழ்மூலையில் எந்தக் கிணறு என்ற பொதுவான இடம், எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எந்த நேரத்தில், எப்படி அளந்தது என்று நாலு வரி எழுதுங்கள். பின்புறத்தில் இரண்டு அளவிடையையும் பென்சிலால் குறித்துவைத்து, சுவரில் அதன் கீழே அடுத்த ஆண்டுப் படத்துக்கு இடம் விடுங்கள். அதை வேறொருவர் வரைந்தாலும், உயரம் இடங்கொடுக்கும்வரை 1 செ.மீ. அதே 10 மி.மீ.யாக இருந்தால், இரண்டு மாரிகளையும் அடிமட்டத்தாலேயே ஒப்பிடலாம்.